எந்த ஆலங்குடி, எந்தப் பாபநாசம்?

கேள்வி சுருக்கமாக இது: குருபெயர்ச்சிக்கு ஆலங்குடி போகிறேன் என்று கிளம்பிய உங்கள் சித்தப்பா, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியில் போய் இறங்கி நின்றிருக்கிறார். ஒரே பெயரை ஏன் இத்தனை ஊருக்கு வைத்தார்கள், வெளிநாட்டிலும் இப்படி உண்டா, எங்கள் தெருவிலேயே ஐந்தாறு சாமிநாதன் இருக்கிறார்களே, அதுவும் இதே கதைதானா என்று கேட்கிறீர்கள். கும்பகோணம் பக்கம் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் குழப்பத்தில்தான் எனக்குச் சம்பளமே வந்தது.

முதலில் சித்தப்பாவுக்கு வழி சொல்லிவிடுகிறேன். குரு கோயில் இருக்கும் ஆலங்குடி திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் தாலுகா. கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போகிற பஸ்ஸில் ஏறினால் நடுவில் வரும். இன்னொரு ஆலங்குடி புதுக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. அது தாலுகா தலைமையிடம், சட்டமன்றத் தொகுதியும்கூட. அதனால் யாராவது செல்போனில் 'ஆலங்குடி' என்று மட்டும் தட்டினால் அது முன்னால் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. கண்டக்டரிடம் "குரு கோயில் ஆலங்குடி" என்று கேட்டிருந்தால் முதல் ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

இனி ஏன் என்பதற்கு வருவோம். சம்பந்தர் தேவாரத்தில் இந்த ஊருக்கு ஆலங்குடி என்ற பெயரே கிடையாது. அங்கே அது திருஇரும்பூளை. அந்தப் பெயரில் தேடினால் புதுக்கோட்டைக்குப் போக வழியே இல்லை. என் கணிப்பில், டெல்டாவில் நாம் படும் பெயர்க் குழப்பத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்தது. வைத்தவர்கள் பிரித்துத்தான் வைத்தார்கள். பேசிப் பேசித் தேய்த்தது நாம். பஸ் போர்டு மிச்சத்தையும் வெட்டிவிட்டது.

ஆடுதுறையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஆடுதுறை உங்களுக்குத் தெரியும். 1922-லிருந்து இருக்கிறது. உழவர்கள் 'ஏடிடி 43', 'ஏடிடி 45' என்று விதை கேட்கிறார்களே, அந்த ஏடிடி இந்த ஊர்ப் பெயரின் சுருக்கம்தான். இதன் முழுப்பெயர் தென்குரங்காடுதுறை. காவிரிக்கு வடகரையில் வடகுரங்காடுதுறை என்று இன்னொன்று இருக்கிறது. இன்று அதை 'ஆடுதுறை பெருமாள் கோயில்' என்று சொன்னால்தான் ஆட்களுக்குப் புரியும். இரண்டையும் சம்பந்தர் பாடியிருக்கிறார். தென், வட என்ற இரண்டு எழுத்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள். அதை எடுத்தோம், குரங்கையும் எடுத்தோம், ஆடுதுறை மட்டும் மிஞ்சியது. அப்புறம் அடையாளத்துக்குப் பெருமாளைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று. அங்கே பாடல் பெற்றது சிவன் கோயில் என்பது இதில் வேடிக்கை.

இதைவிடச் சுவையானது திருபுவனம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை சாலையில் போனால் வரும் பட்டு நெசவு ஊர். அங்கே கம்பகரேசுவரர் கோயிலைக் கட்டியவன் மூன்றாம் குலோத்துங்கன். அவனுக்குத் திரிபுவனவீரன் என்று விருதுப்பெயர். அதுதான் ஊருக்கும் வந்தது. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், வைகைக் கரையில், கீழடிக்குப் பக்கத்தில் இருப்பது சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம். இதற்கும் திரிபுவனவீரனுக்கும் சம்பந்தமே இல்லை. தேவாரத்தில் இது திருப்பூவணம். பூவணம் தேய்ந்து புவனம் ஆனது. மூன்றாவதாகப் புதுச்சேரிப் பக்கம் திருபுவனை இருக்கிறது. கல்வெட்டில் அது திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். ஆக, ஒன்று அரசன் விருது, ஒன்று தலப்பெயர், ஒன்று அரசியின் பெயர் தாங்கிய பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக விட்ட ஊர். மூன்று வேறு வேர்கள் வாய்க்குள் புரண்டு புரண்டு ஒன்றுபோல ஆகிவிட்டன. ஆங்கிலத்தில் முகவரி எழுதும்போது ஒற்று, குறில் நெடில் எல்லாம் போய்விடும். கல்யாணப் பட்டுக்கு ஆர்டர் கொடுத்தவரின் மணியார்டர் வைகைக் கரைக்குப் போய்த் திரும்பி வருவதெல்லாம் அப்போது சகஜம்.

எல்லாமே தேய்ந்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. பாபநாசம் தேயவே இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் நூற்றெட்டுச் சிவாலயம் இருக்கும் பாபநாசம், தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில் திருநெல்வேலிப் பாபநாசம். தண்ணீரில் முழுகினால் பாவம் போகும் என்ற நம்பிக்கை எங்கே இருக்கிறதோ அங்கே இந்தப் பெயர் முளைக்கும். யாரும் யாரையும் பார்த்துக் காப்பி அடிக்கத் தேவையில்லை.

'பாபநாசம்' என்று மட்டும் எழுதி, மாவட்டம் இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் சார்ட்டிங்கில், அதாவது ஊர் வாரியாகக் கடிதம் பிரிக்கும் இடத்தில், உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? ஊரை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார். பெறுபவர் சுடலைமுத்து, இசக்கியம்மாள், சங்கரபாண்டியன் என்றால் கை தானாகத் திருநெல்வேலிப் பைக்குப் போகும். மகாலிங்கம், சாரங்கபாணி, கல்யாணசுந்தரம் என்றால் இங்கேயே. மடவிளாகம், மேலவீதி என்று தெருப் பெயர் இருந்தால் இன்னும் சுலபம். இரண்டும் காட்டிக்கொடுக்காத கடிதம் எங்காவது ஒரு பாபநாசத்துக்குப் போய், அங்கே போஸ்ட்மேன் கையெழுத்தோடு 'இவ்வூரில் இல்லை' என்று திரும்பும். அனுபவம் உள்ள ஆள் லீவில் போனால் அன்றைக்குப் பைகள் தடுமாறும்.

இதற்காகவே வந்தது பின்கோடு. 1972 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்தது. தபால் துறையில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் உருவாக்கியது. ஊர்ப்பெயர் இரட்டிப்பும், ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு மாதிரி முகவரி எழுதுவதும்தான் காரணம். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே எந்தப் பை என்று தெரிந்துவிடும். தஞ்சைப் பாபநாசம் 614-ல் தொடங்கும், நெல்லைப் பாபநாசம் 627-ல். குரு கோயில் ஆலங்குடி 612, புதுக்கோட்டை ஆலங்குடி 622. பட்டுத் திருபுவனம் 612, வைகைத் திருப்புவனம் 630. இன்றும் பின்கோடு போடாமல் மூன்று வரி முகவரி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஊருக்காவது எண் கொடுத்தார்கள், ஆற்றுக்கு அதுவும் இல்லை. வெண்ணாற்றில் பிரிந்து தஞ்சாவூரை ஒட்டிப் போவது ஒரு வடவாறு. கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோவது இன்னொரு வடவாறு. 'வடவாற்றில் தண்ணீர் திறப்பு' என்று செய்தி வந்தால் எந்த மாவட்டத்துச் செய்தி என்று பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும். கோரையாறும் இரண்டு. திருச்சியில் மழைக்காலத்தில் பயமுறுத்துவது ஒன்று, நீடாமங்கலம் பக்கத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிவது ஒன்று. அந்த இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என்று மூன்றாகப் பிரிவதால் மூணாறு தலைப்பு என்கிறோம். கேரளத்து மூணாறும் மூன்று ஆறுகளால் வந்த பெயர்தான். அங்கே மூன்று சேர்கின்றன, இங்கே ஒன்று மூன்றாகப் பிரிகிறது. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெரியவர்கள் இந்த விஷயத்தில் இன்னும் ஒழுங்காக இருந்தார்கள். ஒரே பெயரில் தலங்கள் இருந்தால் முதல், நடு, கடை என்று வரிசை போட்டுவிட்டார்கள். காவிரித் தீவுகளில் ரங்கநாதர் படுத்திருக்கும் இடங்களில் கர்நாடகத்து ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம். மருத மரம் தலமரமாக உள்ளவற்றில் ஸ்ரீசைலம் தலை, திருவிடைமருதூர் நடு, நெல்லைச் சீமைத் திருப்புடைமருதூர் கடை. நம் ஊர்ப் பெயருக்குள் 'இடை' உட்கார்ந்திருப்பதன் கணக்கு இது. ராஜமன்னார்குடிக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் முன்னால் இருக்கும் 'ராஜ', 'காட்டு' இரண்டும் செய்வது இதே வேலைதான்.

வெளிநாட்டில் உண்டா என்றால், நம்மைவிட அதிகமாகவே உண்டு. ஜெர்மனியில் இரண்டு பிராங்க்பர்ட். மைன் ஆற்றங்கரையில் இருப்பது பணக்கார ஊர், விமான நிலையம் உள்ளது. ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது போலந்து எல்லையில் உள்ள சிறிய ஊர். அவர்கள் அதிகாரபூர்வப் பெயரிலேயே ஆற்றைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். நம் வடகரை, தென்கரைக் கணக்குதான் இது, ஒரே வித்தியாசம், அவர்கள் அதை வெட்டிவிடாமல் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மரியாள் கோயிலை வைத்து 'லான்வைர்' என்று ஏகப்பட்ட ஊர்கள். அதில் ஒரு ஊர்க்காரர்கள் 1860-களில் ரயில் பயணிகளை ஈர்ப்பதற்காக, பக்கத்துச் சுழல், குகை, இன்னொரு கோயில் எல்லாவற்றையும் கோத்து 58 எழுத்தில் ஒரு பெயரை நீட்டிவிட்டார்கள். இன்று அந்த ஸ்டேஷன் போர்டு முன்னால் நின்று படம் எடுக்கவே கூட்டம் வருகிறது. திருஇரும்பூளையைச் சுருக்கிய நமக்கு அவர்களிடம் கற்க ஏதோ இருக்கிறது.

அரசர்கள் எங்கும் ஒரே மாதிரிதான். அலெக்சாந்தர் போன இடமெல்லாம் தன் பெயரில் அலெக்சாந்திரியாவை நட்டுக்கொண்டே போனான். எகிப்தில் உள்ளது நிலைத்தது. இன்றைய கந்தகார் இருக்கும் பகுதியிலும் ஒன்று இருந்தது. நம் ஆட்கள் மட்டும் என்ன? கும்பகோணம் பக்கத்தில் சோழபுரம், சிவகங்கைப் பக்கம் சோழபுரம், கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்டசோழபுரம், திருநெல்வேலியில் போய்ப் பார்த்தால் கங்கைகொண்டான்.

வெள்ளைக்காரன் குடியேறிய நாடுகளில் இது இன்னும் மொத்தமாக நடந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் லண்டன் இருக்கிறது, அங்கே ஓடுகிற ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர். ஆஸ்திரேலியாவில் இருக்கிற சிட்னி போதாதென்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி. 2017-ல் நெதர்லாந்து மாணவர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிக்கெட் எடுத்து, ஆஸ்திரேலிய வெயிலுக்கு மெல்லிய சட்டையோடு போய், பனி கொட்டும் கனடா சிட்னியில் இறங்கினார். அவருக்கு முன்னாலும் அப்படிச் சிலர் இறங்கியிருக்கிறார்கள். உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள், தெம்பாக இருக்கும்.

ஜார்ஜ் டவுன் கதையும் நம்மோடு ஒட்டியது. பினாங்கில் 1786-ல் ஒன்று, தென் அமெரிக்காவின் கயானாவில் 1812-ல் ஒன்று, இரண்டும் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரில். சென்னையில் இருப்பது 1911-ல் ஐந்தாம் ஜார்ஜுக்காக வைத்தது. ரஜூலா கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் டெல்டா ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு போகும். ஒரு ஜார்ஜ் டவுனில் கிளம்பி இன்னொரு ஜார்ஜ் டவுனில் இறங்குவது. அங்கே சூலியா தெருவில் இறங்கி நடந்தால் நாகூர் தர்கா! சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் 1828 முதல் 1830 வரை கட்டிய ஒரு நாகூர் தர்கா உண்டு. சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நம் நாகூரில்தான், அங்கே இருப்பவை நினைவிடங்கள். கடலில் போய் உயிரோடு சேர்ந்தவர்கள் கட்டியவை. வேளாங்கண்ணியும் அப்படியே. சென்னை பெசன்ட் நகரில் ஒன்று, இந்தோனேசியாவின் மேடான் நகரில் கோபுரம் வைத்த பெரிய வேளாங்கண்ணி மாதா கோயில் ஒன்று.

ஆனால் நம் மண்ணின் பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்தது கோரமண்டல்தான். சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 1820-ல் அது பாய்மரத்துக்கு மரம் வெட்ட நியூசிலாந்து போய் நின்றது. அது நின்ற துறைமுகம் கோரமண்டல் ஆகி, பிறகு அந்தத் தீபகற்பமே கோரமண்டல் ஆகிவிட்டது. அதே பெயரில் இன்னொரு கப்பல் 1837 ஜனவரியில் தென் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளைக் கொண்டுபோனது. அதிலிருந்து சில மாலுமிகள் தப்பி மலையில் ஒளிந்துகொண்டார்கள். அவர்கள் ஒளிந்த இடம் இன்று அடிலெய்டு பக்கத்தில் கோரமண்டல் பள்ளத்தாக்கு. ராஜராஜன் கப்பல் அங்கே போகவில்லை, அவன் நாட்டின் பெயர் மட்டும் யாரோ கப்பலில் ஓசிப் பயணம் போயிருக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஓர் ஊர் உண்டு, அதில் தபால்காரனுக்கும் பங்கு உண்டு. முதலில் பால்மெயின் என்று பெயர் வைக்கப் பார்த்தார்களாம். ஏற்கெனவே பால்மர் என்று ஒன்று இருக்கிறது, குழம்பும் என்று தபால் துறை மறுத்துவிட்டது. கடையில் கிடந்த மெட்ராஸ் துணிக் கட்டைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது அவ்வூர்க் கதை. பெயர் வைக்கும்போதே தபால் ஆபீஸைக் கேட்கும் வழக்கம் நம்மூரில் இருந்திருந்தால் என் கண் இவ்வளவு கெட்டிருக்காது.

சரி, உங்கள் தெருச் சாமிநாதன்களுக்கு வருவோம். இது வேறு கதை அல்ல. டெல்டாவில் ஆளுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் பக்கத்துக் கோயில்தான். சுவாமிமலைச் சுற்றுவட்டாரத்தில் சாமிநாதன், வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் வைத்தியநாதன், திருவாரூரில் தியாகராஜன், மன்னார்குடியில் ராஜகோபாலன், சிக்கலில் சிங்காரவேலு, திருக்கடையூரில் அபிராமி, நாகூரில் சாகுல் ஹமீது, வேளாங்கண்ணியில் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. திருவையாற்றில் சமாதி கொண்ட தியாகராஜ சுவாமிகள் 1767-ல் பிறந்தது திருவாரூர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்தால் ஒரு தெருவில் ஆறு சாமிநாதன் வராமல் எப்படி?

உ.வே.சா. பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்றார் இவர். அந்தப் பெயரே இருக்கட்டும் என்று முடிவானது. ஊரில் இருந்த சாமிநாதன்களில் ஒருவர் கூடினார்.

அந்த ஆசிரியர் பெயரும் தனிப் பெயர் அல்ல. 1815-ல் பிறந்த இவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பரதநாட்டியத்தில் ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தவிலில் கொடிகட்டிப் பறந்தவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் புலவரைத் தவில் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவோம். இசைக்காரர்கள் ஊரை முன்னால் போட்டுக்கொள்வது பெருமைக்காக மட்டும் அல்ல. சங்கப் புலவர் பட்டியலிலேயே இது இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துச் சேந்தங்கண்ணனார், கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்று எத்தனை கண்ணன்! ஊர், உடன் ஒட்டிய சொல் இரண்டும் இல்லாவிட்டால் எந்தக் கண்ணன் எந்தப் பாட்டு என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலும் அப்பா பெயரும் சேர்ந்துவிட்டால் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். முகவரியே முடிந்தது.

நம் போஸ்ட்மேன் செய்வதும் அதுதான். ஆறு சாமிநாதனும் அவருக்கு ஆறு பேர்: மிலிட்டரி சாமிநாதன், ரைஸ்மில் சாமிநாதன், வாத்தியார் வீட்டு சாமிநாதன், கிணத்தடி வீட்டு சாமிநாதன், சிங்கப்பூர் சாமிநாதன், அப்புறம் சின்னவர். வேல்ஸ்காரர்களும் இதே கட்சி. அங்கே ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் என்ற சில குடும்பப் பெயர்களே ஊர் முழுக்க. அதனால் பால்காரர் ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்று தொழிலை ஒட்டுவார்கள். கொரியாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம். வியட்நாமில் எங்கு திரும்பினாலும் நுயென். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். உள்ளூரில் அது போதும். வெளியே போனால்தான் தலைவலி. பாஸ்போர்ட்டில் பெயரை ஒரே கட்டத்தில் மட்டும் எழுதிவிட்டு இன்னொரு கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்க 'எஃப்.என்.யூ.' என்று மூன்று எழுத்து அச்சாகும். அங்கே சம்பளப் பட்டியலில், வங்கியில், ஓட்டுநர் உரிமத்தில் எல்லாம் அதுவே பெயராக ஒட்டிக்கொள்ளும். கும்பகோணத்துப் பையனுக்கும் குண்டூர்ப் பையனுக்கும் அலுவலகத்தில் ஒரே முதற்பெயர்.

உங்கள் தெருவில் யாருக்காவது பிள்ளை வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். சொந்தப் பெயர் ஒன்றில், இனிஷியலை விரித்து அப்பா பெயர் மற்றொன்றில். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலாக மட்டும் இருந்தால் ஆதாரிலும் அதே மாதிரி விரித்து மாற்றிக்கொண்டு அப்புறம் விண்ணப்பிப்பது நல்லது.